நவீனக் கவிதையைக் காதால் கேட்பது எப்படி?

நவீனக் கவிதை புரியவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதைக் கண்ணால் மட்டுமே படித்தவர்கள். பக்கத்தில் எட்டு வரிகள் இருக்கின்றன. கண் அவற்றைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறது. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று மனம் உடனே கேட்கிறது. பதில் வராததால் பக்கம் புரண்டுவிடுகிறது. அதே எட்டு வரிகளை ஒருவர் நிதானமாக உரக்க வாசித்தால் அப்படித் தாவ முடியாது. ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டுதான் வரும். அடுத்த சொல் என்ன என்று தெரியாமல் கேட்பவர் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் நவீனக் கவிதை தன் வேலையைச் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே ஒரு கவிதையை வாசிக்கக் கேட்டதும் "என்ன சொல்கிறது?" என்று தொடங்க வேண்டாம். "என்ன கேட்டது?" என்று தொடங்குங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியதுதான்.

வரி எங்கே முடிகிறது?

ஓலைச்சுவடிகளில் செய்யுள்கள் இன்று அச்சில் காண்பது போல அடி அடியாகப் பிரித்து எழுதப்படவில்லை. ஓலையின் நீளம் முழுக்க எழுத்து ஓடும். இடம் தீர்ந்தால் அடுத்த வரிக்குப் போகும். நிறுத்தற்குறிகள் கிடையா. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைப்பதில்லை. இருந்தும் பயின்றவர்கள் ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்தைச் சரியாகக் கண்டுகொண்டார்கள். எதுகையும் மோனையும் சீர்க்கணக்கும் அந்த இடத்தைக் காதுக்குச் சொல்லிக்கொடுத்தன. மரபுச் செய்யுளின் அடி காதுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது. கண்ணின் உதவி அதற்குத் தேவைப்படவில்லை.

பாரதியார் 'காட்சி' என்ற தலைப்பில் வசன கவிதைகள் எழுதினார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் புதுக்கவிதை வேர் பிடித்தது. சீர்க்கணக்கையும் கட்டாய எதுகையையும் இந்தக் கவிதை விட்டுவிட்டது. அப்படி விட்டபோது வரி முடியும் இடத்தைக் காதுக்குச் சொல்லும் அடையாளமும் போய்விட்டது. இப்போது வரி முடிவது வலப்பக்கத்து வெற்றிடத்தால் மட்டுமே தெரிகிறது; அதாவது கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது. எனவே நவீனக் கவிதையை உரக்க வாசிப்பவருக்கு மரபுச் செய்யுளைச் சொன்னவருக்கு இல்லாத ஒரு பொறுப்பு இருக்கிறது. பக்கத்தில் உள்ள அந்த வெற்றிடத்தை அவர் குரலில் கொண்டுவர வேண்டும். எங்கே, எவ்வளவு நிறுத்துகிறார் என்பதே கவிதையின் பாதி.

வரி முறிவதால் என்ன நேர்கிறது என்பதைத் தமிழில் எளிதாகக் காட்டிவிடலாம். நம் வாக்கியம் தன் முடிவைக் கடைசிவரை கையில் வைத்திருக்கும். வினை கடைசியில் வரும். அந்த வினையையே புரட்டிப்போடும் 'என்று' அதற்கும் பிறகு வரும்.

நான் அழவில்லை
என்று எழுதினேன்.

ஒரே மூச்சில் சொன்னால் இது ஒரு தகவல். முதல் வரியின் முடிவில் ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். அந்தக் கணத்தில் கேட்பவர் "அழவில்லை" என்பதை நம்பிவிடுகிறார். 'என்று எழுதினேன்' வந்ததும் அந்த நம்பிக்கை அசைகிறது. எழுதியது உண்மையா, யாருக்கு எழுதியது, எழுதும்போது அழுதுகொண்டிருந்தாரா என்ற கேள்விகள் எல்லாம் எழுகின்றன. இந்த இரண்டு வரிகளில் உவமை இல்லை, படிமம் (சொல்லால் மனத்தில் எழும் காட்சி) இல்லை, கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு நிறுத்தம் மட்டும் இருக்கிறது.

ஒரு சிறிய கவிதையைக் கேட்போம்

இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய ஒரு கவிதை கீழே இருக்கிறது. இதை மனத்துக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். அருகில் யாராவது இருந்தால் அவரைப் படிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள்.

அம்மா இல்லாத வீட்டில்
கடிகாரம்
உரக்க ஓடுகிறது.

யாரோ
நிறுத்தச் சொன்னார்கள்.

நிறுத்தினோம்.

இப்போது
அதுவும் இல்லை.

முதல் வரி 'வீட்டில்' என்று முடிகிறது. வீட்டில் என்ன? இருளா, வெறுமையா, அழுகையா? கேட்பவர் மனம் அதற்குள் ஏதாவது ஒன்றைத் தானே நிரப்பத் தொடங்கிவிடும். பெரும்பாலும் சோகமான ஒன்றைத்தான் நிரப்பும். வருவதோ ஒரு கடிகாரம். எதிர்பார்த்த சோகம் வராமல் ஒரு பொருள் வந்து நிற்கிறது. வாசிப்பவர் இங்கே நிறுத்தாமல் 'வீட்டில் கடிகாரம் உரக்க ஓடுகிறது' என்று ஓட்டிவிட்டால் கேட்பவருக்கு இந்த ஏமாற்றம் கிடைப்பதில்லை. கவிதையின் முதல் அசைவு அங்கேயே தொலைந்துபோகும்.

அடுத்து ஒலிகளைக் கவனிப்போம். 'அம்மா இல்லாத' என்பதில் மெல்லினமும் இடையினமும் இழைகின்றன: ம்மா, ல்லா. 'கடிகாரம் உரக்க ஓடுகிறது' என்னும்போது க, ட, ற என்று வல்லின எழுத்துகள் வந்து முட்டுகின்றன. அந்த வீட்டில் கடிகாரம் உண்டாக்கும் தொந்தரவை வாய் உணர்கிறது. பிறகு கடைசி வரியில் 'இல்லை' என்று மறுபடி ல்ல வருகிறது. முதல் வரியின் 'இல்லாத' கடைசி வரியின் 'இல்லை'யில் திரும்பிவிட்டது. அம்மா இல்லாததும் கடிகாரம் இல்லாததும் ஒன்று என்று கவிதை எங்கும் சொல்லவில்லை; இரண்டுக்கும் ஒரே ஒலியைக் கொடுத்திருக்கிறது. 'அம்மா', 'அதுவும்' என்று முதல் வரியும் கடைசி வரியும் ஒரே எழுத்தில் தொடங்குவதையும் கவனியுங்கள். புதுக்கவிதையில் மோனை இல்லை என்று பள்ளியில் படித்திருப்போம். கட்டாயம் இல்லை என்பதுதான் சரி. நல்ல கவிஞர் அதைத் தூரத்தில் வைத்துப் பயன்படுத்துவார். காது அதைப் பிடித்துவிடும்.

'யாரோ நிறுத்தச் சொன்னார்கள்' என்பதில் உள்ள 'ச்' என்ற ஒற்று வாசிப்பவருக்கு ஒரு குறிப்பு. தமிழில் வல்லினம் மிகும் இடங்களில் இரண்டு சொற்களும் குரலில் ஒட்டிக்கொள்கின்றன. 'நிறுத்தச்' என்று சொன்ன பிறகு நின்றால் நாக்கு அந்தரத்தில் தொங்கும். அங்கே நிற்கக் கூடாது என்று எழுத்தே சொல்கிறது. இதனால்தான் சில கவிஞர்கள் வரி முறியும் இடத்தில் வேண்டுமென்றே ஒற்றை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த இடத்தில் நிறுத்தம் தேவை. அதைப் பிழை என்று திருத்தப் புறப்படும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது.

'நிறுத்தினோம்' தனியாக நிற்கிறது. மேலே வெற்றிடம், கீழே வெற்றிடம். இதற்கு முன்னும் பின்னும் வாசிப்பவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதை வைத்தே கவிதையின் உணர்ச்சி மாறும். முன்னால் நீண்ட இடைவெளி விட்டால், நிறுத்தத் தயங்கினார்கள் என்று கேட்கும். உடனடியாகச் சொன்னால், சொன்ன பேச்சைக் கேட்டு யோசிக்காமல் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்கும். இரண்டுமே சரியான வாசிப்புகள்தாம். இரண்டு பேர் வாசித்து இரண்டையும் கேட்டால் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

மாத்திரை இன்றும் உதவுகிறது

ஒலியை அளக்க நம்மிடம் மிகப் பழைய கருவி ஒன்று இருக்கிறது. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் அளவு சொல்கிறது. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு ½. மரபு இலக்கணம் புதுக்கவிதைக்குப் பயன்படாது என்று பலர் அதை முழுவதுமாகக் கைவிட்டுவிடுகிறார்கள். யாப்புக் கணக்கு தேவையில்லாமல் போகலாம். ஒலிக்கணக்கு எந்தத் தமிழ்க் கவிதைக்கும் பொருந்தும், ஏனென்றால் அது கவிதையின் இலக்கணம் ஆவதற்கு முன்பே மொழியின் இலக்கணம்.

'நிறுத்தினோம்' என்பதை அளந்து பாருங்கள். நி 1, று 1, த் ½, தி 1, னோ 2, ம் ½. மொத்தம் 6. இதில் நீண்ட ஒலி 'னோ' ஒன்றுதான், அதுவும் உதடு மூடும் 'ம்' மீது போய் முடிகிறது. இயல்பாகவே அந்தச் சொல் கொஞ்சம் நீண்டு பிறகு மூடிக்கொள்கிறது. வாசிப்பவர் தன் பங்குக்கு எந்த நாடகமும் சேர்க்க வேண்டியதில்லை.

கடைசிச் சொல் 'இல்லை'. பலர் இந்த இடத்தில் உருகி 'இல்லை...' என்று இழுப்பார்கள். ஐ நெடில்தான், ஆனால் சொல்லின் இறுதியில் வரும்போது ஒரு மாத்திரையாகக் குறுகிவிடும். ஐகாரக்குறுக்கம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இதைத்தான். இ 1, ல் ½, லை 1, மொத்தம் 2½. கவிதை குறுகிய ஒலியில் வெட்டென்று முடிகிறது. கடிகாரம் நின்றதைப் போலவே குரலும் நிற்க வேண்டும். இழுத்தால் கவிதை காட்ட நினைத்த அந்தத் திடீர் நிசப்தம் கெட்டுவிடும். கவிதை வாசிப்பில் நான் மிகவும் அஞ்சுவது இந்த இழுவையைத்தான். கடைசிச் சொல்லை நீட்டினால் கவிதை முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் அது ஒரு பழக்கமாகவே படிந்துவிட்டது.

மாத்திரையை எழுதிக் கூட்டிக்கொண்டு கவிதை கேட்கச் சொல்லவில்லை. ஒரு சொல் ஏன் கனமாக விழுகிறது, இன்னொன்று ஏன் நழுவிப்போகிறது என்று கேள்வி எழும்போது எண்ணிப் பார்த்தால் காரணம் கையில் கிடைக்கும். "ஏதோ நன்றாக இருந்தது" என்ற நிலையிலிருந்து "இதனால் நன்றாக இருந்தது" என்ற நிலைக்கு வர இது உதவும்.

ராகமா, பேச்சா?

எப்படி வாசிப்பது என்பதில் உலகம் முழுவதும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. ஐரிஷ் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1930களில் பிபிசி வானொலியில் தம் கவிதைகளை வாசித்தபோது, இவற்றைச் செய்யுளாக்க நான் பட்ட பாடு பெரிது, அதனால் உரைநடை போல வாசிக்க மாட்டேன் என்ற கருத்தை முன்னதாகவே சொல்லிவிட்டு ஏறக்குறைய மந்திரம் ஓதுவது போல வாசித்தார். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. இன்றைய காதுக்கு முதலில் விநோதமாக இருக்கும். சில நிமிடங்களில் பழகிவிடும்.

தமிழிலும் இரண்டு குணங்கள் உண்டு. 'எழுத்து' வழியில் வந்த கவிதைகள் பெரும்பாலும் தனியாக அமர்ந்திருக்கும் ஒரு வாசகரிடம் பேசுகின்றன. 1970களின் தொடக்கத்தில் கோவையிலிருந்து எழுந்த வானம்பாடி இயக்கத்தின் கவிதைகள் கூட்டத்தை நோக்கி எழுந்தன. முன்னதை மேடைக் குரலில் முழக்கினால் அது கூசிப்போகும். பின்னதை முணுமுணுத்தால் அதன் வேகம் செத்துப்போகும். கவியரங்க மேடையில் ஒரு வரியை இரண்டு முறை சொல்லிக் கைதட்டலுக்கு இடம் விடுவது வழக்கம். அந்த மேடைக்கு எழுதிய கவிதைக்கு அது பொருத்தம். மேலே கண்ட கடிகாரக் கவிதையில் 'நிறுத்தினோம்' என்பதை இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். கவிதையே உடைந்துவிடும்.

நம் யாப்பு நூல்கள் நான்கு ஓசைகளைச் சொல்கின்றன: வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். செப்பலோசை இருவர் உரையாடுவது போன்றது என்று விளக்குவார்கள். அகவலோசை ஒருவர் எடுத்துரைப்பது போன்றது. புதிய கவிதை ஒன்றை வாசிக்கும் முன் இது எதிரே இருப்பவரிடம் பேசுகிறதா, பலர் முன் எடுத்துரைக்கிறதா, தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குரலின் உயரமும் வேகமும் பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

நீண்ட வரிகள் கொண்ட கவிதைகளுக்கு வேறொரு திறவுகோல் உண்டு: மூச்சு. அமெரிக்கக் கவிஞர் சார்லஸ் ஓல்சன் 1950இல் எழுதிய கட்டுரையில் வரியின் அளவைக் கவிஞரின் மூச்சோடு சேர்த்துப் பேசினார். ஆலன் கின்ஸ்பெர்க் 1955 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறு கலைக்கூடத்தில் தம் நெடுங்கவிதையை முதன்முதலில் பொதுவில் வாசித்தார். அதன் வரிகள் ஒவ்வொன்றும் ஒரு மூச்சுக்கு என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அப்படிப்பட்ட வரியை நடுவில் மூச்சு வாங்கிப் படித்தால் அதன் நெருக்கடி தளர்ந்துவிடும். ஒரு மூச்சில் படித்தால் முடிவில் வாசிப்பவர் திணறுவார். அந்தத் திணறலும் கவிதையைச் சேர்ந்தது. தமிழில் அடுக்கடுக்காக எச்சங்களை வைத்து நீளும் வரிகளுக்கும் இது பொருந்தும். எங்கே மூச்சு வாங்கலாம் என்று முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளைக் கையில் வைத்துக்கொள்வதில் வெட்கம் தேவையில்லை. 1889இல் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியின் முன் ராபர்ட் பிரௌனிங் தம்முடைய புகழ்பெற்ற கவிதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். சில வரிகளிலேயே மறந்துபோய், என் சொந்த வரிகளே நினைவில் இல்லை என்று வருந்தினார். எழுதியவருக்கே அப்படி.

கேட்பதற்கு ஒரு முறை

சிலர் கூடி ஒரு கவிதையைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். முதல் முறை கேட்கும்போது கவிதையின் பிரதி கையில் இருக்கக் கூடாது. பிரதி இருந்தால் கண் குரலை முந்திப்போய் முடிவைப் பார்த்துவிடும், காத்திருப்பு போய்விடும். இரண்டாம் முறை வேறொருவர் வாசிக்கட்டும், அப்போதும் பிரதி வேண்டாம். பிறகு எல்லோருக்கும் கொடுங்கள். தாங்கள் கேட்டதற்கும் அச்சில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு பலர் வியப்பார்கள். நான்கு வரி என்று நினைத்தது எட்டு வரியாக இருக்கும். முற்றுப்புள்ளி இருப்பதாகக் கேட்ட இடத்தில் எதுவும் இருக்காது. இந்த வேறுபாடுகளே பேச்சுக்கு நல்ல தொடக்கம்.

எல்லாக் கவிதைகளும் வாசிப்புக்கு ஏற்றவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்தில் சொற்கள் அமைந்திருக்கும் வடிவத்தையே நம்பும் கவிதைகள் குரலில் கரைந்துவிடும். வரிக்கு ஒரு படிமம் என்று அடுக்கும் கவிதைகளும் காதுக்குக் கடினம். காது இரண்டு மூன்று படிமங்களைத்தான் ஒரே நேரத்தில் தாங்கும். நான்காவது வரும்போது முதலாவது நழுவும். அத்தகைய கவிதையைத் தேர்ந்தெடுத்தால் பகுதி பகுதியாக வாசிக்க வேண்டும், அல்லது மூன்று நான்கு முறை வாசிக்க வேண்டும். தொடக்கத்தில் பதினைந்து வரிக்குள் அடங்கும், ஒரு குரல் மட்டும் பேசும் கவிதைகளை எடுத்துக்கொள்வது நல்லது. ஓர் அமர்வுக்கு இரண்டு அல்லது மூன்று கவிதைகள் போதும். பத்துக் கவிதைகள் வாசிக்கும் கூட்டத்தில் ஒன்றுகூட நினைவில் நிற்காது.

வட்டார வழக்கில் எழுதிய கவிதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வட்டாரத்தைச் சேராதவர் அதன் உச்சரிப்பை நடித்துக் காட்ட முயல வேண்டாம். எழுதியிருப்பதைத் தம் இயல்பான குரலில் கவனமாகப் படித்தாலே சொல்லின் நயம் வெளிப்படும். நடிக்கத் தொடங்கினால் கேட்பவர்களின் கவனம் கவிதையிலிருந்து நடிப்புக்குப் போய்விடும்.

எப்படிப் பேசுவது?

வாசிப்பு முடிந்ததும் யாராவது "அருமை" என்பார். அதன் பிறகு பேசுவதற்கு எதுவும் இருக்காது. இந்தச் சொல்லைத் தடைசெய்யச் சொல்லவில்லை. அதன் அடுத்த வாக்கியத்தைக் கேளுங்கள். எந்த இடம்? எந்தச் சொல்?

எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. வாசித்து முடித்தவுடன் பிரதியைப் பார்க்காமல் ஒவ்வொருவரும் தம் காதில் தங்கிய ஒரு சொல்லையோ தொடரையோ சொல்ல வேண்டும். விளக்கம் எதுவும் கூடாது. கடிகாரக் கவிதையை இப்படி வாசித்தால் சிலர் 'உரக்க' என்பார்கள், சிலர் 'நிறுத்தினோம்' என்பார்கள், பலர் 'அதுவும்' என்பார்கள். ஏன் 'அதுவும்'? இந்தக் கேள்வியில் உரையாடல் தானாகவே தொடங்கிவிடும். 'அது இல்லை' என்றிருந்தால் கடிகார ஒலி நின்றது என்ற செய்தி மட்டும் இருக்கும். அந்த ஓர் 'உம்', சொல்லாமல் விட்ட இன்னொன்றைக் கூடவே அழைத்து வருகிறது. எச்ச உம்மை என்று இலக்கணம் இதற்குப் பெயரிட்டிருக்கிறது. அம்மாவைப் பற்றிக் கடைசி வரியில் ஒரு சொல்லும் இல்லை, ஆனாலும் அம்மா அங்கே இருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க இலக்கியப் பட்டம் தேவையில்லை. தமிழ் பேசும் காது போதும்.

பிறகுதான் பொருளுக்குப் போக வேண்டும். அங்கே கருத்து வேறுபாடு வரும், வர வேண்டும். ஒருவர் அம்மா இறந்துவிட்டார் என்பார். இன்னொருவர், 'இல்லாத' என்றுதானே இருக்கிறது, ஊருக்குப் போயிருக்கலாமே என்பார். இப்போது குரலை உயர்த்துவதைவிடக் கவிதைக்குத் திரும்புவது பயன் தரும். 'யாரோ' என்று இருக்கிறது. தம் வீட்டில் இருப்பவரை யாரும் 'யாரோ' என்று சொல்வதில்லை. வீட்டில் பலர் கூடியிருக்கிறார்கள், யார் சொன்னார் என்று கவனிக்கும் நிலையில் பேசுபவர் இல்லை. 'நிறுத்தினோம்' என்பது பன்மை. கடிகாரத்தை நிறுத்த ஒருவர் போதுமே, ஏன் 'ஓம்'? இந்தச் சான்றுகள் முதல் வாசிப்பின் பக்கம் சாய்கின்றன. அம்மா வேலைக்குப் போயிருக்கும் ஒரு சாதாரணப் பகல் என்று மூன்றாமவர் சொன்னால், 'யாரோ' என்ற சொல் அதற்கு இடம் கொடுக்காது என்று அமைதியாகக் காட்டலாம். நவீனக் கவிதைக்கு யார் எந்தப் பொருளும் சொல்லலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது கவிதைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பல பொருள்கள் உண்டு. ஒவ்வொன்றும் வரிகளில் கால் ஊன்றி நிற்க வேண்டும்.

"எனக்குப் புரியவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிட்டு மேலே போகாதீர்கள். எந்த வரி வரைக்கும் புரிந்தது, எந்த வரியில் வழி தவறியது என்று கேளுங்கள். "நிறுத்தச் சொன்னது ஏன் என்று புரியவில்லை" என்று அவர் சொல்லலாம். அது அற்புதமான கேள்வி. சத்தம் தாங்க முடியாததாலா, சாவு நேர்ந்த நேரத்தைப் பிடித்து வைக்கவா, காரணமே இல்லாமல் ஏதாவது செய்ய வேண்டும் என்பதாலா? கவிதை பதில் தரவில்லை. புரியவில்லை என்றவர்தான் கவிதை திறந்து வைத்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்.

கவிஞரின் பெயரை முதலில் சொல்லாமல் வாசித்துப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் பெயர் நீக்கிய கவிதைகளைத் தம் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அந்தக் கருத்துகளை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார். பெயர் தெரியாதபோது பெருங்கவிஞர்களின் கவிதைகளையே தாழ்த்தி எழுதியவர்கள் இருந்தார்கள். அவர் கண்ட இடர்களில் ஒன்று இன்றும் நம் கூட்டங்களில் தவறாமல் நடக்கிறது: ஒரு சொல்லைக் கேட்டதும் மனத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கும் உணர்ச்சி வெளியே வந்து கவிதையை மூடிவிடுவது. 'அம்மா' என்ற சொல் வந்தவுடன் தாய்ப்பாசம் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். ஒவ்வொருவரும் தம் தாயைப் பற்றிச் சொல்வார்கள். அவை உண்மையான, மதிக்க வேண்டிய உணர்ச்சிகள். ஆனால் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கடிகாரத்தைப் பற்றி ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். அப்போது நடத்துபவர் செய்ய வேண்டியது ஒன்றே: யாரையும் இடைமறிக்காமல், பேச்சு ஓய்ந்ததும் கவிதையை மறுபடி வாசிப்பது. கவிதையே எல்லோரையும் தன்னிடம் திரும்ப அழைத்துக்கொள்ளும்.

கவிதைக்கு முன் நீண்ட முன்னுரை சொல்லும் பழக்கத்தையும் கைவிடலாம். எந்தச் சூழலில் எழுதியது, எந்த நிகழ்வு தூண்டியது என்றெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்பவர்கள் அந்த நிகழ்வைத்தான் கவிதையில் தேடுவார்கள். சூழல் தெரியாமல் புரியாத கவிதைகள் உண்டு. அவற்றுக்கும் முதல் வாசிப்பு முடிந்த பிறகு சொன்னால் போதும்.

கவிஞர் நேரில் இருக்கும்போது பேச்சு பெரும்பாலும் அவரை நோக்கித் திரும்பிவிடும். "நீங்கள் என்ன நினைத்து எழுதினீர்கள்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அவர் பதில் சொன்னதும் மற்றவர்கள் கண்டுபிடித்தவை எல்லாம் பொய்யாகிவிட்டது போல ஓர் அமைதி விழும். அந்தக் கேள்வியைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். அதைவிட நல்ல கேள்விகள் இருக்கின்றன. இந்த வரியை ஏன் இங்கே முறித்தீர்கள்? இந்தச் சொல்லுக்கு முன் வேறு சொல் இருந்ததா? தொழில் சார்ந்த இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கவிஞர்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். அந்தப் பதில்கள் கேட்பவர்களின் வாசிப்பை மூடிவிடாமல் இன்னும் நுட்பமாக்கும்.

கவிஞரே வாசித்த பதிவு கிடைத்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். முதலில் அதைக் கேட்டுவிட்டால் அந்தக் குரல் காதில் ஒட்டிக்கொள்ளும்; அதன்பின் நீங்கள் வாசிக்கும்போது அவரைப் போலவே வாசிப்பீர்கள். உங்கள் குழுவில் இரண்டு பேர் வாசித்து, பேசி முடித்த பிறகு அந்தப் பதிவை ஓடவிடுங்கள். நீங்கள் நிறுத்திய இடத்தில் அவர் நிறுத்தாமல் போகலாம். நீங்கள் மெதுவாகச் சொன்னதை அவர் கோபமாகச் சொல்லலாம். பதிவை அந்த இடத்தில் நிறுத்தி, திரும்பக் கேட்டு, எது அந்த வரிக்கு இன்னும் பொருந்துகிறது என்று பேசுங்கள். சில இடங்களில் கவிஞரைவிட உங்கள் நண்பர் நன்றாக வாசித்திருப்பார். அதைத் தயங்காமல் சொல்லலாம்.